வீட்டுக்குள் கொசுப்புழு: யார் பார்ப்பது, எதற்குச் செலவு செய்வது?

ஐப்பசி மழைக்கு முன்னால் குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் தவறாமல் வரும் பேச்சு இது. இந்த வருஷம் தெருவில் டெங்கு வரக் கூடாது, என்ன செய்யலாம்? புகை அடிக்கும் இயந்திரம் ஒன்றைச் சங்கமே சொந்தமாக வாங்கிவிடலாம் என்பார் ஒருவர். மாநகராட்சியிலிருந்துதான் ஆள் வந்து மருந்து ஊற்றிவிட்டுப் போகிறாரே, நாம் தனியாக என்ன செய்ய வேண்டும் என்பார் இன்னொருவர். கிணற்றிலும் தொட்டியிலும் மீன் விடலாம் என்று ஒரு குரல் வரும். அவரவர் வீட்டை அவரவர் வாரத்துக்கு ஒருமுறை பார்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால், அதெல்லாம் நடக்கிற காரியமா என்று பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும்.

எனக்குச் சரியென்று படுவது அந்தக் கடைசி யோசனைதான். மற்ற வழிகளுக்கும் அததற்கு ஓர் இடம் உண்டு. எது முதலில், எது அதற்குத் துணை என்பதில் குழம்பினால்தான் காசும் போகிறது, காய்ச்சலும் வருகிறது.

ஏழு நாள் கணக்கு

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசு மனிதர்களோடு ஒட்டிக்கொண்டு வாழ்வது. இரவில் காதோரம் ரீங்கரித்துத் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ். ஏடிஸ் பகலில் கடிக்கும்; காலையிலும், பொழுது சாய்வதற்குச் சற்று முன்பும் அதிகம். காலில் வெள்ளை வரிகள் இருக்கும். அதிக தூரம் பறக்காது. பிறந்த இடத்திலிருந்து நூறு இருநூறு மீட்டருக்குள்ளேயே பெரும்பாலும் அதன் வாழ்க்கை முடிந்துவிடும். ஆகவே பகலில் உங்கள் கூடத்தில் ஒரு வரிக்கால் கொசு கடித்தால், அது வளர்ந்த பாத்திரம் உங்கள் வீட்டிலோ நாலு வீடு தள்ளியோதான் இருக்கும். தெருமுனைச் சாக்கடையைச் சுத்தம் செய்யச் சொல்லி மனு கொடுப்பது நல்ல காரியம்தான், ஆனால் டெங்குவுக்கு அது பெரிதாக உதவாது.

இந்தக் கொசு முட்டையை நேராகத் தண்ணீரில் போடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டி வைக்கிறது. கருப்பாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். தண்ணீர் வற்றிப் பாத்திரம் காய்ந்துபோனாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மறுபடி நீர் ஏறித் தொட்டதும் பொரிக்கும். கோடையில் காலியாகக் கிடந்த டிரம்மில் முதல் மழைத் தண்ணீர் பிடித்த சில நாளிலேயே புழு நெளிவது இதனால்தான். பொரித்த புழு நான்கு கட்டம் வளர்ந்து கூட்டுப்புழுவாகும். அப்புறம் இரண்டு நாளில் தோலை உரித்துக்கொண்டு கொசுவாகப் பறந்துவிடும். நம் ஊர் வெக்கையில் முட்டையிலிருந்து கொசு வரைக்கும் ஏழு முதல் பத்து நாள்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். ஏழு நாளுக்கு ஒருமுறை ஒரு பாத்திரத்தின்மேல் கண் பட்டு, அது காலியாகித் தேய்க்கப்பட்டால் அதிலிருந்து ஒரு கொசுகூட வெளியே வராது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்றால் ஒரு தலைமுறை தப்பிவிடும். மாதத்துக்கு ஒருமுறை என்றால் அந்தச் சோதனை வெறும் பதிவேட்டுக்கு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டெங்குவை மழைக்கால நோய் என்றே நினைத்துப் பழகிவிட்டோம். தமிழ்நாட்டைப் பொறுத்தவரை தண்ணீர்த் தட்டுப்பாடும் அதற்குச் சமமான காரணம். 2012-ல் கடையநல்லூரும் அன்றைய திருநெல்வேலி மாவட்டமும் பட்ட பாடு பலருக்கு நினைவிருக்கும். மத்திய அரசின் கணக்கில் அந்த ஆண்டு மாநிலத்தில் 12,826 பேருக்கு டெங்கு, 66 இறப்பு. 2016-ல் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்துப்போன மறு ஆண்டு, 2017-ல், 23,294 பேருக்கு வந்தது. 65 பேர் இறந்தார்கள். வாரத்துக்கு ஒருமுறை, பத்து நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும் ஊர்களில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நாலைந்து டிரம் நிற்கும். தண்ணீரைச் சேமிக்காமல் அங்கே குடும்பம் நடத்த முடியாது. அந்த வீட்டுப் பெண்களிடம் போய் “தண்ணீரைத் தேக்கி வைக்காதீர்கள்” என்று நோட்டீஸ் கொடுப்பதில் அர்த்தமே இல்லை. தேக்கிய தண்ணீரில் புழு வராமல் பார்ப்பது எப்படி என்பதைத்தான் சொல்லித்தர வேண்டும்.

புகை

முதலில் புகையைப் பேசி முடித்துவிடலாம், ஏனென்றால் சங்கத்தில் எல்லோருக்கும் பிடித்தது அதுதான். வண்டி வரும் சத்தம் கேட்கும், தெருவே வெள்ளையாகும், ஏதோ நடந்தது என்ற திருப்தி கிடைக்கும்.

அந்தப் புகை பறந்துகொண்டிருக்கும் கொசுவின் மேல் பட்டால் கொல்லும். புழுவையோ முட்டையையோ தொடாது. ஏடிஸ் கொசு கட்டிலுக்கு அடியிலும், திரைச்சீலைக்குப் பின்னாலும், பீரோ இடுக்கிலும், தொங்கும் துணிகளிலும் உட்கார்ந்திருக்கும். புகை வண்டி வந்தவுடன் நாம் என்ன செய்கிறோம்? கதவையும் ஜன்னலையும் இறுக்கிச் சாத்துகிறோம். கொசு உள்ளே பத்திரமாக இருக்கிறது. வெளியே செத்த கொசுக்களின் இடத்தை, டிரம்மில் கூட்டுப்புழுவாக இருந்தவை இரண்டே நாளில் நிரப்பிவிடும்.

புகைக்கு ஒரு சரியான நேரம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். வாராவாரம் அடிப்பதற்காக இயந்திரம், டீசல், மருந்து, அடிக்கும் ஆளுக்குக் கூலி என்று சங்கம் செலவு செய்வதை நான் எதிர்ப்பேன். அந்தக் காசுக்குச் செய்ய வேண்டிய வேலை வேறு இருக்கிறது.

பணியாளர் வரட்டும் என்று இருப்பது

தமிழ்நாட்டில் வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு பார்ப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். டி.பி.சி. பணியாளர்கள் என்பார்கள். நிறையப் பேர் பெண்கள், தினக்கூலிக்கு வேலை பார்ப்பவர்கள். கையில் டார்ச், தோளில் மருந்துப் பை, ஒரு நோட்டு. வெயிலில் மாடி மாடியாக ஏறி இறங்குகிறார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிவது நமக்குத் தெரியாது. சம்ப் மூடியைத் தூக்கியவுடன் டார்ச்சை எங்கே அடிக்க வேண்டும், எந்த வீட்டில் ஆட்டுரல் கொல்லையில் கவிழ்க்காமல் கிடக்கிறது, எந்த வீட்டு மாடியில் உடைந்த வாஷ்பேசின் கிடக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. கூப்பிட்டால் நின்று காட்டிக்கொடுப்பார்கள். அவர்களை வாசலிலேயே நிறுத்தி “எங்க வீட்ல எல்லாம் சுத்தம்மா” என்று திருப்பி அனுப்பும் வழக்கத்தை விட்டாலே பாதி வேலை முடியும்.

அவர்கள் வருவதால் இன்னொரு பயனும் உண்டு. நூறு வீடு பார்த்ததில் எத்தனை வீட்டில் புழு இருந்தது என்பது வீட்டுக் குறியீடு. சோதித்த பாத்திரங்களில் நூற்றுக்கு எத்தனையில் புழு என்பது பாத்திரக் குறியீடு. நூறு வீட்டுக்கு மொத்தம் எத்தனை பாத்திரத்தில் புழு என்பதற்கு பிரெட்டோ குறியீடு என்று பெயர். நூறு வீட்டில் எட்டு வீட்டில் புழு, அந்த எட்டு வீட்டிலுமாகச் சேர்த்து இருபது பாத்திரம் என்றால் வீட்டுக் குறியீடு 8, பிரெட்டோ 20. இந்த எண்களை வைத்துத்தான் எந்த வார்டில் ஆளைக் கூட்டுவது, எங்கே தீவிரமாக இறங்குவது என்று சுகாதாரத் துறை முடிவெடுக்கிறது. நம் வீட்டில் புழு இருப்பதை மறைத்தால் அந்த எண்ணே பொய்யாகிவிடும்.

அப்படியானால் அவர்களையே நம்பியிருக்கலாமே? முடியாது. அவர்கள் ஒழுங்காக வேலை செய்தாலும் முடியாது. வேலைக்குப் போகும் குடும்பங்களின் வீடுகள் பகலில் பூட்டிக் கிடக்கும். அடுக்குமாடியில் காவலாளி கீழேயே நிறுத்திவிடுவார். வந்தவருக்கு ஒரு வீட்டில் சில நிமிஷம்தான் கிடைக்கும். குளியலறைக்குள்ளும் சமையலறைக்குள்ளும் போக அவருக்கே கூச்சமாக இருக்கும். அடுத்த சுற்று ஏழு நாளில் திரும்பும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை, பக்கத்து வார்டில் காய்ச்சல் என்றால் ஆட்களை அங்கே திருப்பிவிடுவார்கள்.

அந்தக் குறியீடுகளுக்கும் ஒரு குறை உண்டு. எறிந்து கிடக்கும் டீ கப்பில் இரண்டு புழு இருந்தாலும், இருநூறு லிட்டர் டிரம்மில் இருநூறு புழு இருந்தாலும் இரண்டுமே கணக்கில் “புழு உள்ள பாத்திரம் ஒன்று”. கொசுவாகி வெளியே வரப்போவது எத்தனை என்பதைக் கூட்டுப்புழுவை எண்ணினால்தான் ஓரளவு சொல்ல முடியும். பல ஊர்களில் அப்படி எண்ணிப் பார்த்ததில், ஒருசில வகைப் பாத்திரங்களே பெரும்பாலான கொசுக்களைத் தருவது தெரிந்தது. தண்ணீர் சேமிக்கும் ஊர்களில் அவை பெரும்பாலும் டிரம்மும் சிமெண்ட் தொட்டியும். கொட்டாங்குச்சியைப் பொறுக்குவதில் காட்டும் சுறுசுறுப்பை டிரம்மிடமும் காட்ட வேண்டும்.

இந்த இடத்தில் சிங்கப்பூரின் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். 1960களின் பிற்பகுதியில் வீடு வீடாகச் சோதனை, கொசு வளர்த்தால் தண்டிக்கும் சட்டம் என்று கடுமையாக இறங்கிப் புழு உள்ள வீடுகளின் எண்ணிக்கையை நூற்றுக்கு ஒன்றிரண்டு என்ற அளவுக்குக் கொண்டு வந்தார்கள். டெங்கு அடங்கியது. ஆனாலும் 1990களில் மறுபடி தலைதூக்கியது. நோய் குறைந்திருந்த காலத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு எதிர்ப்பு சக்தி இல்லை. நிறையப் பேருக்குக் கடி விழுந்தது வீட்டுக்கு வெளியே, வேலை செய்யும் இடத்திலும் படிக்கும் இடத்திலும். நோயாளி தென்பட்ட பிறகு ஓடிப் பார்ப்பதில் கவனம் போனது என்று பல காரணம் சொல்கிறார்கள். குறியீடு குறைந்துவிட்டது என்று நாம் கையைக் கட்டிக்கொள்ள இடமில்லை. பள்ளிக்கூடத்தையும் அலுவலகத்தையும் கல்யாண மண்டபத்தையும் விட்டுவிட்டு வீட்டை மட்டும் பார்த்தாலும் போதாது.

நாமே பார்ப்பது

சரி, வாராவாரம் வீட்டில் என்ன பார்ப்பது? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஏனென்றால் “பார்த்தேன், ஒன்றுமில்லை” என்பவர்களில் பலர் பார்க்கும் விதம் தவறு.

மேலே நின்று டிரம்முக்குள் எட்டிப் பார்த்தால் உங்கள் நிழல் விழுந்ததுமே புழுக்கள் நெளிந்து அடிக்குப் போய்விடும். தண்ணீர் தெளிவாக இருப்பதுபோல் தோன்றும். நிழல் விழாமல் பக்கவாட்டில் நின்று, டார்ச்சை நீர்ப்பரப்புக்குச் சாய்வாக அடித்து, அசையாமல் காத்திருங்கள். புழு மூச்சுவிட மேலே வந்தே ஆக வேண்டும். வாலில் உள்ள குட்டைக் குழாயை நீர்ப்பரப்பில் ஒட்டித் தலைகீழாகத் தொங்கும். கூட்டுப்புழு காற்புள்ளி வடிவில் வளைந்து, சீண்டினால் குட்டிக்கரணம் போட்டு இறங்கும். சந்தேகமாக இருந்தால் வெள்ளை மக்கில் ஓரத்துத் தண்ணீரைச் சட்டென்று மொண்டு வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். கூட்டுப்புழுவைப் பார்த்துவிட்டால் அது நாளையோ மறுநாளோ கொசு. ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போடாமல் அந்தத் தண்ணீரை அப்போதே மண்ணில் கொட்டிவிட வேண்டும். சாக்கடையில் கொட்டினால் அது வேறெங்காவது பிழைத்துக்கொள்ளலாம். மண்ணில் கொட்டினால் காய்ந்து சாகும்.

தண்ணீரைக் கொட்டுவதோடு விட்டால் முட்டை சுவரிலேயே இருக்கும். நாரோ பிரஷோ வைத்து உள்சுவரை, முக்கியமாக நீர்மட்டக் கோடு இருக்கும் இடத்தை அழுத்தித் தேய்க்க வேண்டும். பிளீச்சிங் கரைசல் முட்டையைக் கொல்லும். ஹோண்டுராஸ் நாட்டில் பிளீச்சையும் சலவைத் தூளையும் குழைத்துத் தொட்டிச் சுவரில் பூசிச் சிறிது நேரம் ஊறவிட்டுத் தேய்க்கும் முறையைப் பெண்களுக்குச் சொல்லித்தந்து நல்ல பலன் கண்டார்கள். நம் வீடுகளிலும் பிளீச்சிங் பவுடர் இருக்கிறது, சோப்புத் தூள் இருக்கிறது. தேய்த்த பிறகு நன்றாகக் கழுவிவிட்டுத் தண்ணீர் பிடித்தால் சரி.

அப்புறம், எங்கே பார்ப்பது. டிரம், குடம், அண்டா எல்லோருக்கும் தெரியும். மறந்துபோகும் இடங்களைச் சொல்கிறேன். பழைய மாடல் ஃபிரிட்ஜின் பின்னால் கீழே ஒரு தட்டு உண்டு. அதை நகர்த்தி எடுத்தே பல வருஷம் ஆகியிருக்கும். ஏ.சி. தண்ணீர் சொட்டும் வாளி. மணி பிளாண்ட் வைத்த பாட்டில், பூந்தொட்டிக்கு அடியிலிருக்கும் தட்டு. ஏர்கூலர். விருந்தினர் அறையில் யாரும் பயன்படுத்தாத கழிவறையின் ஃப்ளஷ் தொட்டி. எறும்புக்காக அலமாரிக் காலுக்குக் கீழே வைத்த கிண்ணம். அதில் ஒரு கைப்பிடி உப்பைப் போட்டுவிட்டால் போதும். சன்ஷேடு மேல் இலை அடைத்துத் தேங்கிய மழைத் தண்ணீர். மாடியில் கட்டுமானம் முடிந்து மிச்சமான பெயிண்ட் டப்பா, தார்ப்பாயின் மடிப்பு. வாசலில் கிடக்கும் பழைய டயர்.

மூடி விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. நீல டிரம்மின் மூடி விளிம்பு உயர்ந்து நடுவில் குழிந்திருக்கும். மழை பெய்தால் அந்தக் குழியிலேயே தண்ணீர் நின்று புழு வரும். டிரம்மைப் பத்திரமாக மூடிவிட்டோம் என்று நினைப்போம். மூடியின் மேல் கொசு வளரும். மாடியிலிருக்கும் சின்டெக்ஸ் டேங்கில் மூடி இருக்கும், ஆனால் திருகு போயிருக்கும். அதைவிட முக்கியம், நிரம்பி வழியும் குழாயின் வாய் திறந்திருக்கும். அந்த வாயில் நைலான் வலையை நூலால் இறுக்கிக் கட்டிவிட்டால் வருஷக்கணக்கில் கவலையில்லை. சிமெண்ட் தொட்டிக்குப் பலகையோ தகரமோ வைத்து மூடினால் இடுக்கு இருக்கும். வலையைத் தொட்டி விளிம்புக்கு ரப்பர் வளையம் போல் இழுத்துக் கட்டுவது மேல். சென்னையில் சில பகுதிகளில் அப்போது மதுரையில் இருந்த மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தார் மக்களையும் சேர்த்துக்கொண்டு, பாத்திரங்களுக்குச் சரியான மூடி கொடுத்து, சுத்தம் செய்வதைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். 2012-ல் வெளியான அந்த ஆய்வில், அப்படிச் செய்யாத பகுதிகளைவிடச் செய்த பகுதிகளில் கூட்டுப்புழு வெகுவாகக் குறைந்திருந்தது. நம் ஊரில், நம் டிரம்மில் நடந்தது என்பதால் இந்த முடிவை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

புழு குறைந்தால் காய்ச்சல் குறையுமா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். நிகரகுவாவிலும் மெக்சிகோவிலும் அப்படியொரு பெரிய ஆய்வு நடந்து 2015-ல் வெளியானது. அரசின் வழக்கமான மருந்து வேலை எல்லா இடத்திலும் தொடர்ந்தது. பாதி இடங்களில் மட்டும் கூடுதலாக, ஊர்மக்களே உட்கார்ந்து பேசித் தங்கள் வீட்டுத் தண்ணீரைத் தாங்களே கவனிக்கும் வேலையில் இறங்கினார்கள். அங்கே குழந்தைகளுக்கு டெங்கு தொற்றுவது கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. முழுசாக நின்றுவிடவில்லை. ஆனால் ஒரு ரசாயனமும் கூட்டாமல் கிடைத்த 30 சதவீதம் அது.

இந்த வழியின் பலவீனத்தையும் மறைக்கக் கூடாது. முதல் மாதம் எல்லோரும் பார்ப்பார்கள். மூன்றாம் மாதம் யாரும் பார்க்க மாட்டார்கள். வீட்டில் இந்த வேலை அம்மா தலையிலோ மருமகள் தலையிலோதான் விழும். டிரம்மைக் கவிழ்த்துத் தேய்ப்பது லேசான வேலை கிடையாது. இருநூறு லிட்டர் தண்ணீரைக் கொட்டு என்று சொன்னால், பத்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வரும் வீட்டில் யாருக்கும் மனசு வராது. இப்படிக் கொட்ட முடியாத தண்ணீருக்கு மட்டும்தான் மருந்தும் மீனும் தேவைப்படுகின்றன.

கொட்ட முடியாத தண்ணீருக்கு

அபேட் என்று நாம் சொல்வது டெமிபாஸ் என்ற மருந்து. புழுவை நன்றாகவே கொல்லும். குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை போடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அனுமதித்திருக்கிறது. ஒரு சதவீத மணல் குருணையாக இருந்தால் நூறு லிட்டருக்குப் பத்து கிராம், இருநூறு லிட்டர் டிரம்முக்கு இருபது கிராம். திரவமாக வருவதன் அடர்த்தி வேறு, கணக்கும் வேறு. அதைப் பணியாளர் கையால் ஊற்றுவதுதான் சரி. கடையில் வாங்கிக் கண்மதிப்பில் ஊற்றுவது கூடாது. அசையாமல் நிற்கும் தண்ணீரில் மருந்து வாரக்கணக்கில் வேலை செய்யும். நாம் மொண்டு மொண்டு புதுத் தண்ணீர் ஊற்றும் டிரம்மில் சீக்கிரமே நீர்த்துவிடும். வாடை பிடிக்காமல் பணியாளர் தெரு திரும்பியதும் தண்ணீரைக் கொட்டிவிடும் வீடுகளும் உண்டு. கொட்டி, தேய்த்தும் விட்டால் அது நல்லதுதான்! பல நாடுகளில் புழு இந்த மருந்துக்குப் பழகிவிட்டது. 2015-ல், அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தவர்கள், டெமிபாஸ் புழுவைக் குறைப்பதற்குச் சான்று உண்டு, அதனால் மட்டும் டெங்கு குறைந்தது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றே முடித்தார்கள்.

பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்து இன்னும் பாதுகாப்பானது. கொசுப்புழுவும் அதற்கு நெருங்கிய சில ஈப்புழுக்களும் தவிர மீனையோ மனிதனையோ ஒன்றும் செய்யாது. புதுச்சேரியிலிருக்கும் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமே இதில் ஓர் இனத்தைக் கண்டெடுத்து வளர்த்திருக்கிறது. ஆனால் ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். புழு அதைத் தின்றால்தான் சாகும். கூட்டுப்புழு எதையும் தின்பதில்லை என்பதால் அதை ஒன்றும் செய்யாது.

மீன் கூட்டுப்புழுவையும் விட்டுவைக்காது. கிணறு, கோயில் தொட்டி, அலங்காரக் குளம், தோட்டத்துச் சிமெண்ட் தொட்டி இவற்றுக்கு மீனைப் போல் மலிவான வழி கிடையாது. கம்பூசியாவா, கப்பியா என்றால் நான் கப்பியைச் சொல்வேன். கம்பூசியா வெளிநாட்டு மீன். குளத்துக்கோ ஓடைக்கோ தப்பிப்போனால் நம் நாட்டு மீன்குஞ்சையும் தவளைக்குஞ்சையும் தின்று தீர்த்துவிடும். கப்பியையும் ஓடையில் விட வேண்டாம், சுற்றுச்சுவருக்குள் இருக்கட்டும். குளோரின் அதிகமுள்ள குழாய்த் தண்ணீரில் மீன் செத்துப்போகும். அடிக்கடி அடிவரை காலியாகும் டிரம்முக்கும், இருட்டாக மூடிய சம்ப்புக்கும் மீன் யோசனையே வேண்டாம். அங்கே நல்ல மூடி போதும்.

முட்டைப்பொறி வைக்கலாமா என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். கருப்புக் கோப்பையில் தண்ணீர் ஊற்றி, சொரசொரப்பான பட்டை ஒன்றைச் செருகி வைத்தால் கொசு அதில் முட்டையிடும். தெருவில் ஏடிஸ் இருக்கிறதா என்று அறிய நல்ல கருவி. வீட்டுக்கு வேண்டாம். ஒரு வாரம் மறந்தால் அந்தக் கோப்பையே கொசு வளர்க்கும். ஊரெல்லாம் வோல்பாக்கியா கொசுவைப் பற்றியும் பேசுகிறார்கள், அதாவது டெங்குக் கிருமியை வளரவிடாத வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவை ஏற்றிய ஏடிஸ் கொசு. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் அது டெங்குவை 77 சதவீதம் குறைத்தது பெரிய சாதனை. புதுச்சேரி மையத்திலும் அந்தக் கொசுவை உருவாக்கியிருக்கிறார்கள். ஆனால் அது அரசு எடுக்க வேண்டிய முடிவு. நம் சங்கத்தின் தீர்மான நோட்டில் எழுத முடிந்ததல்ல.

எந்த வீட்டுக்கு எது

தினமும் தண்ணீர் வரும் அடுக்குமாடி வீடென்றால் டிரம்மே தேவையில்லை. அங்கே ஆபத்து பால்கனிச் செடியிலும், பூட்டிக் கிடக்கும் ஃபிளாட்டிலும், பொதுச் சம்ப்பிலும், மொட்டை மாடியிலும்தான். பொது இடங்களைப் பிளம்பரோ காவலாளியோ வாரம் ஒருநாள் பார்க்கும்படி செய்து, செயலாளர் கூடவே போய்ப் பார்த்தால் பாதி முடிந்தது. பூட்டிய ஃபிளாட்டின் சொந்தக்காரர் வெளியூரில் இருந்தால் ஃப்ளஷ் தொட்டியைக் காலி செய்து, கழிவறை மூடியைச் சாத்திவிட்டுப் போகச் சொல்ல வேண்டும்.

வாரத்துக்கு ஒருமுறையாவது தண்ணீர் வரும் தனி வீட்டுக்கு, தண்ணீர் வரும் நாளையே தேய்க்கும் நாளாக வைத்துக்கொள்வது நல்லது. புதுத் தண்ணீர் பிடிக்குமுன் பழையதைச் செடிக்கும் வாசல் தெளிக்கவும் தீர்த்துவிட்டு, டிரம்மைக் கவிழ்த்துத் தேய்த்துவிடலாம். இரண்டு டிரம் இருந்தால் ஒன்று காலியான பிறகே இன்னொன்றைத் தொடுவது என்று வைத்துக்கொண்டால் கொட்டுவதற்கே தண்ணீர் மிஞ்சாது. பத்து நாள், பதினைந்து நாள் இடைவெளி உள்ள ஊர்களில் வலை கட்டுவதும் பணியாளர் கையால் அபேட்டும் இரண்டுமே வேண்டும். கிணறு உள்ள வீட்டுக்குக் கப்பி.

சங்கத்துக்கு என் யோசனை இதுதான். புகை இயந்திரத்துக்கு ஒதுக்க நினைக்கும் காசில் நைலான் வலையும், சரியாக உட்காரும் மூடியும், நாலு டார்ச்சும் வாங்குங்கள். பிறகு, அவரவர் வாராவாரம் பார்ப்பது போக, பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து, மாதம் ஒருநாள் அவர் வீட்டை இவரும் இவர் வீட்டை அவரும் பாருங்கள். நம் வீட்டுப் புழு நம் கண்ணுக்குப் பழகிப்போயிருக்கும். அடுத்த வீட்டு அக்கா கண்ணுக்கு உடனே படும். இந்த ஏற்பாடு சிலருக்குச் சங்கடமாக இருக்கும், கோபம்கூட வரும். அடுத்த தெருவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த பிறகு வரும் மனக்கசப்பைவிட அது குறைவுதான். புழு கிடைத்தால் யார் வீடு என்று கூட்டத்தில் சொல்ல வேண்டாம், எந்த மாதிரிப் பாத்திரம் என்று மட்டும் எழுதுங்கள். மூன்று நான்கு மாதத்தில் உங்கள் தெருவின் கொசு எங்கே பிறக்கிறது என்று அந்த நோட்டே காட்டிவிடும். காலி மனை, பாதியில் நின்ற கட்டடம், பழைய இரும்புக் கடை இவற்றில் நாம் இறங்க முடியாது. சுகாதார ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுங்கள். 1939-ம் ஆண்டின் தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டப்படி நோட்டீஸ் கொடுக்க அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது.

புகைக்குச் சரியான நேரம் என்று சொன்னேன் அல்லவா? தெருவில் ஒருவருக்கு டெங்கு உறுதியானதும்தான் அது. அப்போது அந்த வீட்டையும் சுற்றியுள்ள வீடுகளையும் கதவு திறந்து வைத்து, வீட்டுக்குள்ளும் மருந்து அடிக்கச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே கிருமி ஏறிய கொசுவைக் கொல்ல அப்போது வேறு வழி கிடையாது. அதே நாளில், வார முறையைப் பார்க்காமல், சுற்றிலும் உள்ள ஒவ்வொரு பாத்திரத்தையும் தேய்த்துவிட வேண்டும். காய்ச்சல் தொடங்கிய முதல் ஐந்தாறு நாள் நோயாளியின் ரத்தத்தில் கிருமி இருக்கும். அந்த நாட்களில் அவரைக் கடிக்கும் ஏடிஸ் எட்டு முதல் பன்னிரண்டு நாளில் அடுத்தவருக்குக் கொடுக்கத் தயாராகிவிடும். எனவே அவர் பகலிலும் கொசுவலைக்குள் படுக்கட்டும். ராத்திரிக்கு மட்டும் வலை கட்டுவது நம் பழக்கம். இந்தக் கொசுவுக்குப் பகலில்தான் வலை வேண்டும்.